யார் குத்திய பச்சை? உடலடையாளங்களும் தமிழ்ச் சமூகத்தின் பார்வையும்

மத்திய ஆயுதக் காவல் படைகளில் காவலர் பணிக்கு ஆள் எடுக்க வெளியிடப்படும் அறிவிக்கைகளில் பச்சை குத்தியிருப்பது பற்றி ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும். சமயச் சின்னமோ உருவமோ பெயரோ குத்தியிருந்தால் அனுமதி உண்டு. மரபாகக் குத்தும் இடங்களான முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோதான் அது இருக்க வேண்டும். முன்கை என்றால் சல்யூட் அடிக்காத இடது கையாக இருக்க வேண்டும். அந்த உறுப்பின் பரப்பில் கால் பங்கிற்கும் குறைவாக இருக்க வேண்டும். முதல் வாசிப்பில் இது இடத்தையும் அளவையும் பற்றிய விதி என்றே தோன்றும். ஆனால் சாமி பெயருக்கும் பெற்றவள் பெயருக்கும் இடம் தந்துவிட்டு, தனக்குப் பிடித்த ஒரு கழுகையோ ஓர் எண்ணையோ குத்திக்கொண்டவனை மருத்துவச் சோதனையில் நிறுத்திவைக்கும்போது, அந்த விதி தோலைத் தாண்டி வேறொன்றையும் சோதிக்கிறது. அந்த அடையாளம் எங்கிருந்து வந்தது என்று அது கேட்கிறது.

பச்சை குத்திய கையையும் சாயம் பூசிய தலைமுடியையும் ஆணின் காதில் மின்னும் கல்லையும் பெண்ணின் மழித்த தலையையும் நம் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியே சரியான நுழைவாயில் என்று நினைக்கிறேன். 'நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத மேல்நாட்டு மோகம்' என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் வரலாற்றின் முன் நிற்காது. உடலில் நிலையான அடையாளம் இடுவது தமிழ்நாட்டில் மிகப் பழைய, மிகப் பரவலான வழக்கம். குடும்பமோ சாதியோ குருவோ கட்சியோ அரசோ இட்ட அடையாளத்தை இந்தச் சமூகம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. ஒருவர் தாமே முடிவு செய்து, தம் விருப்பத்துக்காக இட்டுக்கொண்ட அடையாளம்தான் அதற்கு உறுத்துகிறது.

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்புவரை கிராமத்துப் பெண்களில் பச்சை இல்லாத கையைப் பார்ப்பது அரிது. முன்கையில் புள்ளிக் கோலம், தேள், மயில், தேர்; நெற்றியில் ஒரு புள்ளி, மோவாயில் ஒரு புள்ளி; சிலருக்குக் கணவர் பெயர் அல்லது குலதெய்வத்தின் பெயர். குறவர் இனப் பெண்கள் 'பச்சை குத்தலையோ பச்சை' என்று கூவிக்கொண்டு ஊர் ஊராக வருவார்கள். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, சிறுமியின் கையைத் தம் மடியில் இழுத்து வைத்து, அவள் வலியில் அழுது கையை உதறாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலி பெரும்பாலும் நெல்லாகவோ கேழ்வரகாகவோ இருக்கும். பழைய சேலையும் உண்டு.

மை தயாரித்த விதத்தைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரியவிடுவார்கள். அந்த விளக்கைப் புதிய மண்பானையால் மூட, பானையின் உட்புறத்தில் கரி படியும். அதைச் சுரண்டி எடுத்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை ஆயத்தம். ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, மையில் தோய்த்துக் குத்தி, பிறகு மஞ்சள் தடவி விடுவார்கள். இது ஒரு முழுமையான கைத்தொழில். அதற்கென்று அச்சுகளும் கணக்கும் பயிற்சியும் இருந்தன. நகை நட்டெல்லாம் இங்கேயே தங்கிவிடும், செத்தால் கூட வருவது பச்சை மட்டும்தான் என்று பெண்கள் நம்பினார்கள். அடகு வைக்க முடியாத, யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாத நகையாக ஏழைப் பெண்ணுக்கு அது இருந்தது.

இவ்வளவு பரவலாக இருந்த ஒன்றில் அந்தச் சிறுமியின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று கேட்டால், மிகக் குறைவு என்றே சொல்ல வேண்டும். பச்சை இல்லாமல் புகுந்த வீடு போனால் மாமியார் வீட்டார் குறை சொல்வார்கள் என்பதால், ஏழெட்டு வயதிலேயே தாயும் பாட்டியும் பிடித்து உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். கோலத்தைத் தேர்ந்ததும் பெரும்பாலும் அவர்கள்தான். அவள் கையில் இருந்தது குடும்பத்தின் எழுத்து. அதனால்தான் அதைப் பற்றி யாரும் முகம் சுளிக்கவில்லை. அதே பாட்டியின் பேத்தி இருபத்திரண்டு வயதில், தான் சம்பாதித்த பணத்தில், கழுத்தின் பின்புறம் ஒரு சிறு பறவையைக் குத்திக்கொண்டு வந்தால் வீடு இரண்டுபடுகிறது. அளவில் பாட்டியின் கோலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

காதுகுத்தும் இதே வகைதான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மொட்டை அடித்து, ஊருக்குச் சோறு போட்டு ஆண் குழந்தையின் காதைக் குத்துகிறோம். ஒரு தலைமுறைக்கு முன்புவரை கடுக்கன் போட்ட பெரியவர்கள் ஊருக்கு நியாயம் சொல்பவர்களாகவும் நிலபுலன் உள்ளவர்களாகவும் இருந்தார்கள். இன்று ஒரு கல்லூரி மாணவன் ஒரு காதில் ஸ்டட் போட்டால் அவன் 'கெட்ட சகவாசம்' உள்ளவனாகிறான். பங்குனி உத்திரத்தில் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு நடப்பவரின் காலில் விழுந்து வணங்குகிறோம். புருவத்தில் ஒரு சிறு வளையம் போட்ட பெண்ணைப் பேருந்தில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம். வேண்டுதலுக்கு மழித்த பெண்ணின் தலை பக்தி எனப்படுகிறது. வெயிலுக்காகவோ விருப்பத்துக்காகவோ மழித்த தலையைப் பார்த்தால், என்ன நோய் என்று விசாரிக்கிறார்கள். கைம்பெண்ணின் தலையை அவள் சம்மதம் கேளாமலே மழித்த குடும்பங்கள் இதே மண்ணில் இருந்தன. பெண்கள் ஆண்களைப் போல முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னபோது எழுந்த அதிர்ச்சியை அதன் அருகில் வைத்துப் பார்த்தால், சமூகத்தின் கவலை முடியின் நீளத்தைப் பற்றியதாக இருந்திருக்க முடியாது என்பது விளங்கும்.

கார்த்திகை பிறந்ததும் நம் அலுவலகங்களில் நடப்பதை யாரும் கவனிக்கலாம். நேற்றுவரை தினமும் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்த எழுத்தர் கறுப்பு வேட்டியும் துளசிமணி மாலையுமாக, செருப்பில்லாத காலோடு வந்து நாற்காலியில் உட்கார்கிறார். நாற்பத்தொரு நாள் தாடி வளர்கிறது. மேலதிகாரி முதல் தேநீர் கொண்டுவரும் பையன் வரை எல்லாரும் அவரைச் 'சாமி' என்று அழைக்கிறார்கள். உடை விதி, சவர விதி எதுவும் அந்த நாட்களில் அவருக்குப் பொருந்துவதில்லை. பொருந்த வேண்டும் என்று யாரும் நினைப்பதும் இல்லை. மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய பிறகும் அதே தாடியை அவர் வைத்திருந்தால், ஒரு வாரத்துக்குள் யாராவது 'என்ன ஆச்சு, வீட்டில் ஏதும் பிரச்சினையா' என்று கேட்பார்கள். தாடி அதேதான். அதற்குப் பின்னால் நின்ற ஆணை மட்டும் விலகிவிட்டது.

சமயம் இட்ட அடையாளங்களுக்கு இதைவிட ஆழமான வேர் உண்டு. வைணவத்தில் ஆசாரியன், சூடேற்றிய சங்கு சக்கரப் பொறிகளைச் சீடனின் இரு தோள்களிலும் ஒற்றுவது ஐந்து சம்ஸ்காரங்களில் முதலாவது, இன்றும் நடக்கிறது. சமணத்திலிருந்து மீண்டு வந்த திருநாவுக்கரசர், அந்தச் சார்பால் தூய்மை இழந்த உடலோடு உயிர்வாழ விரும்பாமல், பெண்ணாடகத்துத் தூங்கானைமாடக் கோயிலில் தம் மேல் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்க வேண்டும் என்று இறைவனிடம் விண்ணப்பம் வைத்தார் என்றும், அப்படியே பொறிக்கப்பட்டது என்றும் சைவ மரபு சொல்கிறது. தோலில் இடப்படும் குறி ஒருவரை அசுத்தமாக்கும் என்ற எண்ணம் இந்த மரபுகளில் இல்லை. குறி இடப்பட்ட பிறகே அந்த உடல் தூயதாகிறது. ஆனால் அதை இடும் தகுதி குருவுக்கோ கடவுளுக்கோ உரியது.

அப்படியென்றால் பச்சை மீதான இழிவு எங்கிருந்து வந்தது? அதற்கு இரண்டு ஊற்றுகளைக் காட்டலாம். இரண்டும் ஒன்றையொன்று பெருக்கின. ஒன்று, காலனி அரசு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வங்க மாகாணத்திலும் பிறகு சென்னை மாகாணத்திலும் ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் குற்றத்தின் பெயரையும் தண்டனை விவரத்தையும் பச்சையாகக் குத்தும் வழக்கத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டிருந்தது. கைதிகள் தலைப்பாகையை இறக்கிக் கட்டியும் முடியை முன்னே வளர்த்தும் அதை மறைத்தார்கள். 1849இல்தான் அது சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. 1911இல் திருத்தப்பட்ட வடிவில் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. இங்கே மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அறிந்தார்கள். உடலில் உள்ள குறிகளையும் விரல் ரேகைகளையும் காவல் நிலையப் பதிவேட்டில் ஏற்றுவது ஆட்சியின் அன்றாட வேலையானது. பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் குறவர் சமூகத்தினரும் உண்டு. ஊரெல்லாம் சென்று பெண்களின் கைகளில் கோலம் வரைந்த கலைஞர்களின் குடும்பமே காவல் பதிவேட்டில் ஏறியபோது, அவர்கள் கைத்தொழிலின் மதிப்பும் இறங்காமல் இருந்திருக்க முடியாது.

இரண்டாவது ஊற்று, படிப்பும் உத்தியோகமும் தேடி நகரத்துக்கு நகர்ந்த நடுத்தர வர்க்கம். பச்சை என்பது வயல் வேலை செய்பவர்களின், ஒடுக்கப்பட்ட சாதிகளின் அடையாளம் என்ற எண்ணம் அந்த வர்க்கத்திடம் வளர்ந்தது. சொந்தப் பாட்டியின் கையை மதித்துக்கொண்டே, மகளின் கையில் அது ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். 1960களுக்குப் பிறகு பிறந்த பெண்களிடம் பச்சை வேகமாகக் குறைந்ததற்குப் பள்ளிக்கூடமும் இந்தக் கூச்சமும் சேர்ந்தே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. காவல் நிலைய அறிவிப்புகளில் மட்டும் அது விடாமல் வாழ்ந்தது. அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் 'வலது முன்கையில் இன்ன பெயர் பச்சை குத்தப்பட்டுள்ளது' என்று நாளிதழின் மூலையில் வரும் அந்த வரி, பச்சையையும் விபரீதத்தையும் படிப்பவர் மனத்தில் முடிச்சுப் போட்டது.

ஜப்பானில் இதே கதை இன்னும் கூர்மையாக நடந்திருக்கிறது. எடோ காலத்தில் (1603–1868) திருடர்களின் கையில் தண்டனைப் பச்சை குத்தினார்கள். அதே காலத்தில் தீயணைப்பு வீரர்களும் கூலித் தொழிலாளர்களும் முதுகு முழுவதும் வண்ணப் பச்சையைத் தங்கள் பெருமையாகச் சுமந்தார்கள். மேல்நாட்டார் முன் நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்ற கவலையில், அதற்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1872இல் பச்சை குத்துவதையே தடை செய்தது. வட ஜப்பானின் பூர்வகுடிகளான ஐனு பெண்களின் வாயோரப் பச்சையும் ஒகினாவாப் பெண்களின் கைப் பச்சையும் அந்தக் காலத் தடைகளில் நசுங்கின. 1948இல் தடை நீங்கியபோது, யகூசா குற்றக் கும்பல்களே பச்சையின் முகமாக நின்றன. 2015இல் ஜப்பான் சுற்றுலா முகமை வெந்நீர்க் குளியல் விடுதிகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், பதில் தந்தவற்றில் ஏறத்தாழ 56 விழுக்காடு பச்சை உள்ளவர்களை உள்ளே விடுவதில்லை என்று கூறின. அரசு போட்ட தடை போய் முக்கால் நூற்றாண்டு ஆகியும் அது விதைத்த அச்சம் போகவில்லை. தமிழ்நாட்டில் தண்டனைப் பச்சை அந்த அளவு நிலைக்காமல் போனதற்குக் காரணம், திண்ணைகளில் குத்தப்பட்ட கோலங்கள் நெற்றியில் குத்தப்பட்ட குற்றப்பெயர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்ததாக இருக்கலாம்.

நம் ஊரில் தோற்றத்தின் மீதான கட்டுப்பாட்டை மேலும் நேராகக் காட்டும் ஆவணம் ஒன்று உண்டு; பச்சையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதுவே என் நினைவுக்கு வருகிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்தார், அம்பேத்கரும் எடுத்துக்காட்டினார். பொன் வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் பூச்சூடவும் மஞ்சள் பூசவும் கூடாது. மேலுடம்பை மறைக்கவும் கூடாது. அந்தப் பட்டியலில், தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

கிராப்பு அன்று புதிய தோற்றம். அதே ஆண்டுகளில் பட்டணத்தில் மேல்சாதி இளைஞர்கள் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்தபோது வீட்டில் பெரியவர்கள் திட்டினார்கள், சில நாள் பேசாமல் இருந்தார்கள். அதையே ஆதிதிராவிட இளைஞன் செய்தபோது கூரை எரிந்தது. மரபுக்கு மாறான தோற்றம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் ஒன்றுக்கு, அதைச் செய்பவர் யார் என்பதைப் பொறுத்து விலை இப்படி மாறியது. பாரதியார் பிராமண வழக்கத்தை மீறி மீசை வைத்துக்கொண்டதையும் அக்ரகாரம் ஏற்கவில்லை என்றாலும், இன்று அந்த மீசையும் முண்டாசும்தான் பள்ளிச் சுவர்களில் வரையப்பட்டிருக்கின்றன.

கிராப்பின் கதை இன்றும் முடியவில்லை என்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பரவிய 'புள்ளிங்கோ' என்ற கேலிச் சொல் சான்று. வடசென்னையின் குடிசைப் பகுதி இளைஞர்கள் இருபுறமும் ஒட்ட வெட்டி, உச்சியில் நீளமாக விட்டு, செம்பட்டையாகவோ மஞ்சளாகவோ சாயம் பூசிக்கொண்டால் அது 'புள்ளிங்கோ கட்டிங்'. அதே வெட்டு, அதே சாயம் ஒரு கால்பந்து நட்சத்திரத்தின் தலையிலோ வசதியான வீட்டுப் பையனின் தலையிலோ இருந்தால் அது 'ஸ்டைல்'. இந்தத் தலைமுடியோடு வண்டியில் போகும் பையனைத்தான் வாகனச் சோதனையில் முதலில் ஓரங்கட்டுகிறார்கள். பள்ளிகளில் ஆசிரியர்களே கத்தரிக்கோலால் மாணவனின் முடியை வெட்டிவிட்ட செய்திகளும், தலைமையாசிரியர்கள் ஊர் முடிதிருத்தகங்களுக்கு 'மாணவர்களுக்கு ஒழுங்காக மட்டுமே வெட்டிவிட வேண்டும்' என்று கேட்டுக் கடிதம் எழுதிய செய்திகளும் வந்தன. அந்தக் கடிதங்களில் அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லார் முன்னிலையிலும் ஒரு சிறுவனின் தலையில் கத்தரிக்கோல் வைக்கும் செயல், இந்தத் தலை உன்னுடையது இல்லை என்று அவனுக்குச் சொல்கிறது. இப்படிச் சொல்லப்படுபவர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் வலிக்கிறது.

கட்சிகள் இட்ட பச்சை இதற்கு நேர் எதிரான வரவேற்பைப் பெற்றது. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினர் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கட்சிக்குள்ளேயே சிலர் எதிர்த்தார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் குத்திக்கொண்டார்கள். 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் 68ஆவது பிறந்தநாளையொட்டிச் சென்னையில் நடந்த நிகழ்ச்சியில் நூற்றுக்கணக்கானோரின் முன்கையில் அவர் உருவம் குத்தப்பட்டது. வலி தாளாமல் அழுதுகொண்டிருந்த பெண்களின் படங்கள் இதழ்களில் வந்தன. இவற்றைப் பற்றி அரசியல் விமர்சனம் வந்தது. ஆனால் 'பச்சை குத்திய கையோடு இவர்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள், யார் பெண் கொடுப்பார்கள்' என்று யாரும் கேட்டதாக நான் அறியவில்லை. தலைவரின் முகம் என்றால் அந்தக் கவலை எழுவதில்லை.

பிறர் இட்ட அடையாளங்களையெல்லாம் ஏற்கலாம், தானே இட்டவற்றையெல்லாம் கொண்டாடலாம் என்று இதைத் திருப்பிப் படித்துவிடக் கூடாது. தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் வண்ணக் கயிறுகள் எந்தச் சாதி என்று தூரத்திலேயே காட்டிக்கொடுப்பவை. அவற்றைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கை எதிர்ப்புகளால் செயலற்றுப் போனது. நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களால் வீட்டில் வைத்தே வெட்டப்பட்ட பிறகு, 2023இல் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. நெற்றிக்குறியைத் தொட்டதால் அந்தப் பரிந்துரைக்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது. இங்கே கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஒரு பையனின் மஞ்சள் சாயம் யாரையும் தாக்குவதில்லை. ஒரு கயிறோ, முன்கையில் குத்திய சாதிப் பெயரோ, 'நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்' என்று அடுத்த பெஞ்சில் இருப்பவனை மிரட்டுகிறது. சமூகம் பதற வேண்டிய அடையாளம் இது. ஆனால் கூட்டம் இட்ட அடையாளம் என்பதாலேயே பலர் இதை மரபு என்று சொல்லிக் காப்பாற்றுகிறார்கள்.

பச்சைக்கு எதிராக வைக்கப்படும் காரணங்களில் உடல்நலம் சார்ந்தவை உண்மையானவை. ஊசி தூய்மையாக இல்லாவிட்டால் மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் தொற்றும், திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்துவது இன்றும் நடக்கிறது. அதனால்தான் பச்சை குத்திய 12 மாதங்களுக்கு ரத்த தானம் செய்யக் கூடாது என்று இந்திய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆனால் இது ஊசி பற்றிய கவலை. ஊசியை மாற்றச் சொல்வதே அதற்குத் தீர்வு. பெற்றோரின் அச்சமும் உண்மையானதே. ராணுவத்துக்குத் தயாராகும் கிராமத்துப் பையனுக்கு ஒரு தவறான இடத்தில் குத்திய பச்சை வாழ்க்கையைத் திசை மாற்றிவிடும். 'பச்சை குத்தினால் அரசு வேலையே கிடைக்காது' என்ற பேச்சு அங்கிருந்து வளர்ந்ததுதான். எழுத்தர் வேலைக்கோ ஆசிரியர் வேலைக்கோ அப்படிப் பொதுவான தடை கிடையாது. சீருடைப் பணிகளுக்கே இந்த விதிகள். இந்திய ராணுவமும் முன்கை உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சையை ஏற்கிறது. பழங்குடியினரின் மரபுப் பச்சைக்குத் தனிச் சலுகை தருகிறது.

அதே சலுகை இன்னொரு வகையில் உறுத்தலையும் தருகிறது. நீலகிரியின் தோடர் பெண்கள் தோளிலும் கையிலும் குத்திக்கொள்ளும் புள்ளிகளும் வளையங்களும் மரபு என்பதால் மதிக்கப்படுகின்றன, மதிக்கப்படவும் வேண்டும். ஆனால் மரபு என்ற சீட்டு கையில் இல்லாத தனி மனிதரின் தேர்வுக்கு அதே மதிப்பு ஏன் இல்லை? ஏர் நியூசிலாந்து நிறுவனம் 2019இல் தன் விதியை மாற்றியபோது இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல விடை கிடைத்தது. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி ஊழியர்களின் மரபுப் பச்சையை மறைக்கச் சொல்வது அவமதிப்பு என்ற குரல்தான் மாற்றத்துக்குத் தூண்டுதல். விதி திருத்தப்பட்டபோதோ, பிறரைப் புண்படுத்தாத எந்தப் பச்சையையும் எந்த ஊழியரும் வெளியே தெரிய வைத்திருக்கலாம் என்று எல்லாருக்குமாகத் திறந்துவிட்டார்கள். புண்படுத்துவது எது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை 2014இல் இலங்கை அதிகாரிகள் கைது செய்து நாடு கடத்தினார்கள். அவர் பௌத்தத்தின் மேல் கொண்ட பற்றினால் குத்திக்கொண்டது அது. 2017இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

நம் தனியார் வேலையிடங்களில் விதி பெரும்பாலும் எழுத்தில் இருப்பதில்லை. துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பையன் மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நிற்கிறான். உள்ளே காயம் கிடையாது, பள்ளித் தோழியின் பெயர்தான் இருக்கிறது. விடுதி வரவேற்பில் வேலை பார்க்கும் பெண் மே மாத வெயிலிலும் முழுக்கை ரவிக்கை அணிகிறாள். இன்டர்வியூவில் பச்சையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், பிறகு அழைப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எதனால் வேலை கிடைக்கவில்லை என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரியாது. இந்தியாவில் தோற்றத்தைக் காரணம் காட்டித் தனியார் நிறுவனம் வேலை மறுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாததால், கேட்பதற்கும் வழி இல்லை. பெண்கள் மேல் இது இரட்டிப்பாக விழுகிறது. ஆணின் பச்சையைப் பார்த்து முரடன் என்பார்கள்; பெண்ணின் பச்சையைப் பார்த்து அவள் ஒழுக்கத்தையே கணித்துவிடுவார்கள். தோளிலோ முதுகிலோ குத்தியிருந்தால், அதைக் குத்தியவர் யார், எப்படி உட்கார்ந்து குத்திக்கொண்டாள் என்றுகூடக் கற்பனை ஓடுகிறது.

வேலைக்காகவும் திருமணத்துக்காகவும் பச்சையை அழிக்க வருபவர்கள் லேசர் மருத்துவமனைகளில் கூடிவருகிறார்கள். அது அழிப்பான் கொண்டு அழிப்பது போன்ற வேலை இல்லை. மை, தோலின் மேலடுக்குக்குக் கீழே, உடலின் பாதுகாப்பு அணுக்களுக்குள் தங்கியிருக்கிறது. லேசர் கதிர் அந்த மைத் துகள்களை உடைத்த பிறகு உடல்தான் மெல்ல மெல்ல அவற்றை அகற்ற வேண்டும். அதற்காகப் பல வார இடைவெளியில் பல அமர்வுகள் வேண்டும். கறுப்பு மை எளிதில் கரையும். பச்சை நிற மையும் மஞ்சள் நிற மையும் சண்டித்தனம் செய்யும். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் மையோடு இயற்கையான நிறமும் வெளுத்து, பச்சை இருந்த வடிவத்திலேயே வெள்ளைத் தழும்பு விழும் வாய்ப்பு அதிகம். படைத் தேர்வுக்காக அழித்துக்கொண்ட இளைஞர்கள் நீதிமன்றம் வரை போய், மறுபடி மருத்துவச் சோதனைக்கு அனுமதி பெற்ற வழக்குகளும் உண்டு.

இதற்கிடையில் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் டாட்டூ ஸ்டூடியோக்கள் பெருகிவிட்டன. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியும் கையுறையும் நல்ல இடங்களில் வழக்கமாகிவிட்டன. அங்கே முதல்முறை குத்திக்கொள்ள வருபவர்களில் நிறையப் பேர் கேட்பது 'அம்மா' என்ற எழுத்து, முருகனின் வேல், இறந்துபோன அப்பாவின் முகம், பிறந்த குழந்தையின் பாதச் சுவடு. வீட்டில் சண்டை வந்தால் அம்மா பெயரைக் காட்டினால் அடங்கிவிடும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் அடங்கியும் விடுகிறது. பச்சை மீண்டும் வீட்டுக்குள் வருவது உறவின் பெயரையும் சாமியின் பெயரையும் சொல்லிக்கொண்டுதான். அந்தத் துணை எதுவும் இல்லாமல், எனக்குப் பிடித்திருந்தது என்ற ஒரே காரணத்தோடு வரும் பச்சைக்கு இன்னும் கதவு திறக்கவில்லை.

வேலை கொடுப்பவர்களிடம் இப்போதைக்குக் கேட்கக் கூடியது சிறிய, செய்யக் கூடிய ஒன்று. விதி வைத்திருந்தால் அதை விளம்பரத்திலேயே எழுத வேண்டும். அந்த வேலைக்கு ஏன் அது தேவை என்ற காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். சாதியையும் வெறுப்பையும் ஆபாசத்தையும் காட்டும் அடையாளங்களுக்குத் தடை என்று எழுதினால் யாருக்கும் மறுப்பு இருக்காது. 'பார்க்க நன்றாக இல்லை' என்பதை எழுத்தில் வைக்க வேண்டிய நிலை வந்தால், அதற்குக் காரணம் எழுத முடியாமல் பல நிறுவனங்கள் அந்த வரியையே விட்டுவிடும் என்று நம்புகிறேன். சில மருத்துவமனைகளும் மென்பொருள் நிறுவனங்களும் ஏற்கெனவே விட்டுவிட்டன; அங்கே செவிலியரின் மணிக்கட்டில் இருக்கும் பறவையை நோயாளிகள் ஒருமுறை பார்த்துவிட்டு, ஊசி வலிக்குமா என்றுதான் அடுத்துக் கேட்கிறார்கள்.